ரோட்டுக்குப் பெய்யாத மழை

மெயின்ரோடு பிரிகிற பொட்டல்குளம் விலக்கிலிருந்து ஊருக்குள் போகிற தார்ரோடு ஒரு மினி பஸ்சின் அகலம்தான் இருக்கும். எதிரே ஒரு சைக்கிள் வந்தால் இரண்டில் ஒன்று தாரைவிட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். எது இறங்கவேண்டும் என்று அரசாங்கம் எதுவும் சொல்லவில்லை. ரோடு போட்ட காண்டிராக்டரும் சொல்லவில்லை. அவர் அந்த ரோட்டின் அகலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறவர். ஆகவே ஊர்க்காரர்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். வெயிலுக்கு சைக்கிள் இறங்கும். மழைக்கு பஸ் இறங்கும்.

காரணம் மண்தான். கரிசல் காய்ந்து கிடக்கும்போது அதைப்போலச் சாதுவான மண் கிடையாது. சைக்கிளை இறக்கி நிறுத்தி, பஸ் போனபிறகு ஏற்றிக்கொள்ளலாம். காலில் கொஞ்சம் தூசி படியும், அவ்வளவுதான். ஒரு மழை விழுந்துவிட்டாலோ அதே மண் வசதி வந்தவன் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து ஒட்டுகிற மாதிரி ஒட்டும். டயரில் அப்பி, மட்காட்டுக்குள் ஏறி, சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு உருட்டவும் முடியாது. சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பஸ்சுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தாருக்கும் கரிசலுக்கும் நடுவில் ஒரு முழம் அகலத்துக்குச் சரள்கல் கிடந்தது. வேகத்தைக் குறைத்து, இடது பக்கச் சக்கரங்களை அதில் இறக்கி, மாசமான பெண்ணைப்போல மெள்ள நகர்ந்து போய்விடலாம். போகும்போது டிரைவர் ஒரு கையை உயர்த்துவார். சைக்கிள்காரர் மணியடிப்பார். இதில் இரண்டு பேருக்குமே கொஞ்சம் பெருமை உண்டு.

மினி பஸ் வந்த புதிதில் இந்த முறையை பஸ் முதலாளி மந்திரமூர்த்தியிடம் எடுத்துச் சொன்னதே பூவனலிங்கம்தான். மந்திரமூர்த்தி கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருந்தவர். மிட்டாய் வியாபாரம் கைகொடுத்ததில் ஒரு மினி பஸ் வாங்கி ‘அன்னலட்சுமி’ என்று பெயர் எழுதி விட்டிருந்தார். முதல் நாள் மாலை போட்டு, சந்தனம் தெளித்து ஊருக்குள் வந்த பஸ்சை நடுரோட்டில் நிறுத்தி, பூவனலிங்கம் சொன்னார்: “அண்ணாச்சி, இங்கன ஒரு முறை உண்டும். டிராக்டருக்கும் அதான், கல்யாணக் காருக்கும் அதான்.” மந்திரமூர்த்தி கேட்டுவிட்டு, “நல்ல முறைலா இது! நம்ம பஸ்சு எப்பம்னாலும் இறங்கும்” என்றார். அன்றைக்கு நல்ல வெயில்.

பூவனலிங்கத்துக்கு இந்த முறைமேல் இவ்வளவு அக்கறை வரக் காரணம் இருந்தது. அவர் வேலையே அந்த ரோட்டில்தான். பொட்டல்குளத்துப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குக் காலிப்பெட்டி ஒட்டுவார்கள். அட்டையையும் பசைமாவையும் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசிலிருந்து கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பதும், ஒட்டிக் காய்ந்த பெட்டிகளைச் சாக்குகளில் அடைத்து ஆபீசில் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. காலிப்பெட்டிக்கு எடை கிடையாது, இடம்தான் வேண்டும். கேரியரின் இரண்டு பக்கமும், அதற்கு மேலேயும், அதற்கும் மேலேயும் சாக்கு கட்டிப் போவார். பின்னாலிருந்து பார்த்தால் ஆள் தெரியமாட்டார். ஒரு வைக்கோல் போர் தானாகவே ஊரைவிட்டுக் கிளம்பிப் போவது போலிருக்கும். தரையில் காலை ஊன்றி நிறுத்துவதே பெரும்பாடு. மழைச் சகதியில் இறங்கினால் எழவே முடியாது.

அன்னலட்சுமிக்கு டிரைவர் இசக்கி. அவன் பூவனலிங்கத்தின் சம்சாரம் வெள்ளைத்தாய்க்குக் கூடப்பிறந்த தம்பி. தாய் செத்தபிறகு இடுப்பில் தூக்கிச் சுமந்து, கல்யாணமாகி வரும்போது சீதனத்தோடு சேர்த்துக் கூட்டி வந்த தம்பி. அவனுக்கு டிரைவிங் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தபோது, பூவனலிங்கம்தான் காலையில் காலிப்பெட்டிச் சாக்குகளைக் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டி, நடுவில் அவனை உட்காரவைத்து கோவில்பட்டிக்கு மிதித்துக்கொண்டு போனார். மந்திரமூர்த்தியிடம் சிபாரிசு சொன்னவரும் அவர்தான். “எங்க ஊரு முறை தெரிஞ்ச பய அண்ணாச்சி. வேற எவனாவது வந்தா நாங்க ஒவ்வொருத்தனுக்கும் பாடம் நடத்திக்கிட்டிருக்க முடியுமா?”

அந்த ஐப்பசியில் மழை ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தது. வானம் கருக்கும், காற்றடிக்கும், எல்லோரும் விதைப்பெட்டியைத் தேடும் நேரத்தில் வெளுத்துவிடும். ஒரு காலையில் மேற்கே மறுபடியும் கருத்துக்கொண்டு நின்றது. பூவனலிங்கம் சாக்குகளைக் கட்டி, மேலே ஒரு நீலப் பாலிதீன் தாளைப் போர்த்தினார்.

“இன்னைக்குப் போகணுமாக்கும்? மேக்க பாருங்க, எப்படி நிக்கின்னு” என்றாள் வெள்ளைத்தாய்.

“நேத்தும்தான் நின்னுது.”

“நேத்து நின்னது பொய்யி. இது பெய்யும். காத்துல மண்ணு வாசம் வருதுல்லா.”

“ஆபீஸ்ல பெட்டியில்லாம பொம்பளையாளுக கையக் கட்டிக்கிட்டு இருக்காவளாம். கணக்கப்பிள்ள ஆளுவிட்டுட்டாரு.”

“நடுவழியில பிடிச்சுக்கிட்டா?”

“பிடிக்கட்டுமே. பஸ்சுல்லா இறங்கப் போவுது, நானா இறங்கப் போறேன்?” என்று சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டார். கம்மங்கூழும் சுட்ட கருவாடுமாக வயிறு நிறைந்திருந்த நேரம். மனிதன் அப்படியான நேரத்தில் எதையும் நம்புவான்.

ஊர் எல்லை தாண்டியதும் பிடித்துக்கொண்டது. முதலில் பாலிதீன் தாளில் பொரி வறுக்கிற சத்தம். அப்புறம் சத்தமே தெரியாத அளவுக்குச் சத்தம். இரண்டு பக்கமும் கரிசல் தண்ணீரைக் குடித்துக் குடித்து எருமைத்தோல் மாதிரி மினுங்கியது. பூவனலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நடுத்தாரில் மிதித்தார். கொஞ்ச தூரத்தில் இரண்டு மஞ்சள் வெளிச்சம் வந்தது. அன்னலட்சுமி.

வேறு வண்டி என்றால் அவர் ஒருவேளை வேகத்தைக் குறைத்திருப்பார். வைப்பர் அசைவதற்கு நடுவே இசக்கியின் முகம் தெரிந்ததும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. மணியடிக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். பஸ் இறங்கவில்லை. இப்போது இறங்கும் என்று நினைத்தார். இறங்கவில்லை. ஹாரன் மட்டும் வந்தது, நீளமாக, வெயில்கால ஹாரன்.

பஸ்சின் விலாப்பக்கம் சாக்கில் பட்டது. ஆளில் படவில்லை, பட வேண்டிய அவசியமும் இல்லை. அத்தனை பெரிய சுமையை ஒரு பக்கம் தட்டிவிட்டால் போதும். சைக்கிள் ஒரு சுற்றுச் சுற்றி ரோட்டைவிட்டுப் பாய்ந்து, கரிசலில் அவரைக் கீழே போட்டு மேலே தான் படுத்துக்கொண்டது. சாக்குகள் பிரிந்து காலிப்பெட்டிகள் சகதியெங்கும் சிதறி, பசை விட்டு, ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. பூவனலிங்கத்துக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியவில்லை.

பஸ் கொஞ்ச தூரம் போய் நின்றது. இசக்கி இறங்கி ஓடிவந்தான். பஸ்சில் இருந்த நாலைந்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். ஊருக்குச் சேதி எட்டி, வெள்ளைத்தாய் சாக்கை மழைக்குப் போடுகிற கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்து சேர்ந்தபோது அந்தச் சாக்கைப் பிழிந்தால் ஒரு குடம் நிரம்பியிருக்கும். அதை அவள் அவர் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டாள். ஆறேழு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி அதே பஸ்சில் கிடத்தினார்கள்.

கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குள் நுழையும் முன்னால் இசக்கி பஸ்சை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அத்தான், ஒரு வார்த்த.”

“நீ ஏம்லே இறங்கல?”

“நேரமாயிட்டு அத்தான். விலக்குல அந்தக் கயத்தாத்து மினி பஸ்ஸுக்காரன் வந்து ஆள அள்ளிட்டுப் போயிருதான். மொதலாளி நேத்தே சத்தம் போட்டாரு. ஊருக்குள்ள வந்து திரும்பிப் போறதுக்குள்ள... ஒரு நிமிசம் மிச்சம் பண்ணலாம்னு...”

“நாந்தான்னு தெரிஞ்சுதா?”

வெள்ளைத்தாய் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே பார்த்தாள்.

“அத்தான், ஆஸ்பத்திரில போலீஸ்காரரு கேப்பாரு. பஸ்சு தட்டுச்சுன்னு சொன்னியன்னா கேசாயிரும். லைசென்ச பிடுங்கிருவாவ. பெறவு நான் எங்கன போவேன்? தானா வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருங்க. ஊருல வச்சு நானே சொல்லுதேன், மழைக்கு இறங்காம வந்தது என் தப்புன்னு. அக்கா மேல சத்தியமா.”

பூவனலிங்கத்துக்குக் கால் வலியில் பல் கிட்டித்திருந்தது. போலீஸ்காரர் கேட்டபோது, “வழுக்கி விழுந்துட்டேன் சார்” என்றார். “வண்டி கிண்டி ஏதும்?” என்று கேட்டதற்கு, “நம்ம ரோட்டுல அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க சார்” என்று சேர்த்துக்கொண்டார். இது அவராகச் சேர்த்தது, யாரும் கேட்கவில்லை.

மாவுக்கட்டோடு அவர் வீட்டுக்கு வந்தபோது ஊரில் பாதிப் பேர் காட்டில் இருந்தார்கள். அந்த மழைக்குப் பிறகு நல்ல பதம். உளுந்தும் மல்லியும் விதைப்பு மும்முரம். விசாரிக்க வந்தவர்கள் காலைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். “என்ன மழங்கேன்! ரெண்டு வருசமா இப்படி இறங்கலைலா” என்று பக்கத்து வீட்டுச் சாமித்துரை கட்டிலில் உட்கார்ந்துகொண்டே பூரித்தான். “நாலு விரக்கடைக்கு மேல ஈரம் போயிருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு கால் போனாலும் ஊருக்கு வாயில மண்ணு போடல.”

“கால் போகலடே. ஒடிஞ்சிருக்கு.”

“ஆமா ஆமா. ஒடிஞ்சுதான் இருக்கு.”

சிக்கல், பெட்டி ஒட்டிய பெண்களிடமிருந்து வந்தது. அத்தனை வீட்டு உழைப்பும் சகதியில் போய்விட்டது. தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை, ‘உங்க ஊருலயே பேசி யார் தப்புன்னு முடிவு பண்ணிட்டு வாங்க’ என்று சொல்லியனுப்பினார். பஸ் மேல் தப்பென்றால் பஸ் முதலாளி பொறுப்பு. சைக்கிள்மேல் தப்பென்றால், இனி பூவனலிங்கத்தை நம்பிச் சாக்கைக் கொடுக்கமாட்டோம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அட்டை கொண்டுவர வேறு ஆளும் தயாராக இருந்தான். ஒடிந்த காலோடு ஏர் பிடிக்க முடியாது, மில்லில் நிற்க முடியாது. கட்டுப் பிரித்தபிறகு அவருக்கு இருக்கக்கூடிய ஒரே வேலை அந்தச் சைக்கிள் வேலைதான்.

“இதுக்குப் போயி யோசிக்கியளே. இசக்கி ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது” என்றார் பூவனலிங்கம், யாரும் யோசிக்காதபோதே.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இசக்கி ஒரு பொட்டலம் கடம்பூர் போளியோடு வந்தான். அத்தானிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். காலின் பக்கம் பார்க்காமலே கேட்டான். அப்புறம் அடுப்படிக்குள் போய் அக்காவிடம் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினான். வெள்ளைத்தாய் இடையில் ஒருமுறை, “அது எப்படில ஆவும்?” என்பது மட்டும் கேட்டது. போகும்போது இசக்கி வாசல்வழியாகப் போகாமல் கொல்லை வழியாகப் போனான்.

“என்ன சொல்லுதான்?” என்று கேட்டார் பூவனலிங்கம்.

“ஒண்ணுமில்ல. நாளைக்குப் பேசுறதப் பத்தி.”

“பாவம், கூச்சப்படுதான். ஊருக்கு முன்னால தப்ப ஒத்துக்கிடணும்னா லேசா? நீ தைரியம் சொல்லி விட்டியா?”

வெள்ளைத்தாய் ஒரு போளியைப் பிய்த்து அவர் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். “தின்னுங்க” என்றாள்.

பஞ்சாயத்து டிவி ரூம் முன்னாலிருந்த வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. மாயகிருஷ்ணன் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முந்தின பஞ்சாயத்துத் தலைவர். தேர்தலில் தோற்றுவிட்டார். ஆனால் ஜெயித்தவர் கோவில்பட்டியில் குடியிருந்ததால் ஊர்க்காரியங்களைத் தோற்றவரே பார்த்துவந்தார். பூவனலிங்கத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். மந்திரமூர்த்தியும் வந்திருந்தார். கையில் ஒரு பெரிய காகிதப் பை. ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய், பிள்ளைகளுக்கு இரண்டு. கூட்டம் தொடங்கும்போது ஊரே வாயில் பாகை ஒதுக்கிக்கொண்டிருந்ததால் வணக்கம்கூடத் தலையசைப்பில்தான் நடந்தது.

“மொதல்ல நான் ஒண்ணு சொல்லிக்கிடுதேன்” என்றார் மந்திரமூர்த்தி, எல்லோரையும் கும்பிட்டுவிட்டு. “உங்க முறைய நான் மதிக்கேன். மழைக்குப் பஸ்சு இறங்கணும், சரி. ஆனா ஒவ்வொரு தூத்தலுக்கும் வண்டிய சரள்ல இறக்கு, இறங்கலன்னா டிரைவர் தப்புன்னு வந்தா, எனக்குக் கட்டுபடியாகாது. மழக்காலம் முடியுற மட்டும் வண்டிய செட்டுல நிப்பாட்டிக்கிடுதேன். உங்க மேல கோவமில்ல. நீங்க நல்லா இருக்கணும்.”

மழைக்காலம் முடிகிறவரைக்கும் என்றால் தை பிறக்கிறவரைக்கும். அதுவரை மில்லுக்குப் போகிற பெண்கள் நடப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பார்கள். உர மூட்டை நடக்காது. கூட்டத்தில் கடலைமிட்டாய் கடிபடுகிற சத்தம் ஒரு கணம் நின்று, அப்புறம் மெதுவாகத் தொடர்ந்தது.

“சரி, பூவனலிங்கம் சொல்லு” என்றார் மாயகிருஷ்ணன்.

“நான் என்னத்த புதுசா சொல்ல. மழ ஊத்துது. நான் தார்ல வாரேன். பஸ்சு இறங்கல. தட்டிட்டு. பாத்த ஆளுக இங்கனதான் இருக்காவ. இசக்கியே சொல்லுவான்.”

இசக்கி எழுந்தான். மந்திரமூர்த்தி அவன் பக்கம் திரும்பவே இல்லை. பையில் மிச்சமிருந்த மிட்டாயை எண்ணுவது போலிருந்தார்.

“எதிர வந்தது நெசம். தட்டுனதும் நெசம்” என்றான் இசக்கி. “ஆனா அப்பம் மழ இல்ல. மழ இருந்தா நான் இறங்காம இருப்பனா? மழ இல்லைன்னா சைக்கிள்லா இறங்கணும். அத்தான்தான் இறங்கல.”

பூவனலிங்கம் சிரித்துவிட்டார். பயல் கூச்சத்தில் எதையாவது தப்பாகச் சொல்லித் திருத்தப்போகிறான் என்று நினைத்தார். இசக்கி திருத்தவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

“ஏலே, என்னலே சொல்லுத?”

“அதான் சொன்னானே” என்றார் மந்திரமூர்த்தி பணிவாக. “அதுவுமில்லாம, ஆஸ்பத்திரில நீங்களே வழுக்கி விழுந்தேன்னுதான சொன்னீங்க? போலீஸ்காரர்கிட்ட?”

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து யாரோ, “வழுக்கணும்னா ஈரம் வேணும்லா?” என்றார்கள்.

“அதான! வழுக்கணும்னா மழ வேணும்லா?” என்று பூவனலிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார்.

மந்திரமூர்த்தி கொஞ்சம் யோசித்தார். “சாணியிலயும் வழுக்கலாம்” என்றார். அதன்பிறகு ஆஸ்பத்திரிப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

பஸ்சில் இருந்தவர்களை மாயகிருஷ்ணன் கேட்டார். பார்வதியம்மாள் முதலில் எழுந்தாள். அவள் மகள் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவள்.

“நான் சன்னலோரந்தான் இருந்தேன். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியல. சட்டரு மூடிக் கெடந்துச்சு.”

“எதுக்கு அத்தே மூடுனீய?” என்றார் பூவனலிங்கம்.

“தூசிக்கு.”

“ஐப்பசில என்ன தூசி?”

“உனக்கென்னப்பா தெரியும்? எனக்கு எந்த மாசமும் தூசி ஒத்துக்கிடாது” என்று அவள் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து சாமித்துரை. அவன் நிமிர்ந்து பார்க்காமல் பேசினான். “ஈரம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா மழன்னு சொல்லுறதுக்கில்ல. கல்யாண வீட்டுல பன்னீர் தெளிப்பாவள்லா, அப்படி.”

பூவனலிங்கம் கட்டிலில் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். “சாமித்துரை, என்னைய பாத்துப் பேசு. மறுநா காலைல ஏர் பூட்டுனியா இல்லையா? பன்னீரு தெளிச்ச ஈரத்துலயாடே உளுந்து போட்ட? எங் கட்டில்ல உக்காந்துல்லா சொன்ன, நாலு விரக்கடைன்னு?”

எல்லோரும் சாமித்துரையைப் பார்த்தார்கள். அவன் கடலைமிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினான்.

“அது காட்டுக்குப் பெய்ஞ்சது அண்ணாச்சி.”

“ரோட்டுக்கு?”

“ரோட்டப் பத்தி நமக்கென்ன தெரியும்? நாம என்ன ரோட்டுலயா விதைக்கோம்?”

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். அந்த ஊரில் ஆடு, மாடு, ஆள் எல்லாம் வருசம் முழுக்க வானத்தையே பார்த்துக்கிடக்கும். எங்கேயோ கயத்தாற்றுப் பக்கம் நாலு தூறல் விழுந்தால்கூட நம்மூரில் விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளும். இரண்டு வருசத்துக்கு அப்புறம் வந்து குளத்துக்கே தண்ணீர் காட்டிய மழையை இப்போது ஒவ்வொருவராக எழுந்து, மரியாதையாக, வரவில்லை என்றார்கள். ஒருவர் தூறல் என்றார். ஒருவர் பனி என்றார். ஒரு கிழவர் தனக்கு அன்றைக்குப் பகல் முழுதும் தூக்கம் என்றார்.

பூவனலிங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன்னைத் தூக்கி பஸ்சில் கிடத்திய கைகள் அத்தனையும் அங்கே இருந்தன. அவர் கோபப்படவில்லை. கடைசியாக ஒன்று பாக்கியிருப்பதை நினைத்துக்கொண்ட மாதிரி குரல் தெளிவாக வந்தது.

“மாயகிருஷ்ண மாமா, யாரும் வேண்டாம். எம் பொஞ்சாதியக் கேளுங்க. கொங்காணி போட்டுக்கிட்டு ஓடி வந்தா. அந்தச் சாக்க என் மூஞ்சிக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னா. இசக்கி அவ தம்பி. அவளுக்கு அவனும் வேணும், நானும் வேணும். அவ சொல்லட்டும். அவ சொல்லுறத நான் கேட்டுக்கிடுதேன்.”

பெண்கள் பக்கம் அசைவு ஏற்பட்டது. வெள்ளைத்தாய் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். இசக்கி தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். அக்கா எழுந்ததும் கோடு கிழிப்பது நின்றது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அய்யா காட்டிலிருந்து வருமுன்னால் அவளைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

“சொல்லு வெள்ளைத்தாயி” என்றார் மாயகிருஷ்ணன். “மழ பெய்ஞ்சுதா?”

“நான் பதட்டத்துல ஓடிவந்தேன்.”

“சரி. பெய்ஞ்சுதா?”

அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள். “பொசபொசன்னு இருந்துச்சு” என்றாள். “மழன்னு சொல்ல முடியாது.”

“பெறவு எதுக்குட்டி கொங்காணி போட்ட?” பூவனலிங்கத்தின் குரல் அவருக்கே கேட்டிருக்காது. அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

“வெயிலுக்கு” என்றாள் அவள்.

மாயகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முடிவைச் சொல்வதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. அன்றைக்கு மழை இல்லை. ஆகவே சைக்கிள் இறங்கியிருக்கவேண்டும், இறங்கவில்லை. பெட்டி போன நட்டத்துக்கு பஸ் பொறுப்பில்லை. பெண்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வது அவரவர் விருப்பம். ஊர் முறை எப்போதும்போல அப்படியே இருக்கும்: வெயிலுக்கு சைக்கிள் இறங்கும், மழைக்கு பஸ் இறங்கும். மழையா இல்லையா என்பதை மட்டும் இனிமேல் டிரைவர் பார்த்துச் சொல்லிக்கொள்வார். மந்திரமூர்த்தி எழுந்து மறுபடியும் எல்லோரையும் கும்பிட்டார். பூவனலிங்கத்தின் கட்டிலுக்கு வந்து தனியாக ஒரு கும்பிடு போட்டு, “சீக்கிரம் நடமாடுங்க அண்ணாச்சி. நம்ம பஸ்சுல உங்களுக்கு எப்பமும் சீட்டு உண்டு” என்றார். கட்டிலைத் தூக்க நாலு பேர் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் சாமித்துரை முதல் ஆள். வலிக்காமல் தூக்கவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டில் அதன்பிறகு பேச்சில்லை. வெள்ளைத்தாய் சோளச்சோறு ஆக்கி, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். அவர் சாப்பிடுவார். தட்டை எடுத்துப் போவாள். கால் கழுவத் தண்ணீர் வைப்பாள், வேட்டியை மாற்றிவிடுவாள், தலையணையைத் தூக்கி வைப்பாள். முன்னைவிட எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். “அவன் வேலை போயிருக்கும்” என்று ஒருமுறை, அவரிடம் என்றில்லாமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். “அவன எங்கன கொண்டுபோயி வைப்பேன்?” இரண்டாவது நாள் புது ஆள் ஒருவன் வாசல்வழியே அட்டைக்கட்டுகளோடு சைக்கிளில் போனான். பூவனலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் நல்ல வெயில். வெள்ளைத்தாய் எல்லாத் துணியையும் துவைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போட்டிருந்தாள். கட்டிலில் இருந்து பார்த்தால் கொல்லை முழுதும் தெரியும். மூன்று மணிபோல வெளிச்சம் மங்கியது. காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது. கோழிகள் கூடையடியைத் தேடி ஓடின. முதல் சொட்டு முற்றத்துப் புழுதியில் பொட்டு வைத்தது, அப்புறம் பத்து, அப்புறம் கணக்கில்லை.

பக்கத்து வீட்டில் சாமித்துரை கத்தினான். “மழடீ! ஏட்டி, மழ! காயுத வத்தல அள்ளுங்கட்டி!” தெருக்கோடிவரைக்கும் அதே சத்தம். மழ, மழ என்று ஊரே தொண்டை கிழியச் சொன்னது. அதில் ஒரு குரலுக்குக்கூடச் சந்தேகம் இல்லை.

வெள்ளைத்தாய் ஓடிவந்து கொடியிலிருந்து துணிகளை உருவினாள். வேட்டி, சேலை, துண்டு என்று மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

“ஏட்டி” என்றார் பூவனலிங்கம்.

கூட்டத்துக்குப் பிறகு அவர் அவளைக் கூப்பிட்ட முதல் தடவை அது. அவள் வாசற்படிக்கு ஓரடி முன்னால் நின்றாள். மழை அவள் தலைவழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“காயக்கெடந்த துணிய எதுக்கு எடுக்க?”

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் அந்த வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாதவர் கேட்பதுபோலத்தான் முகம் இருந்தது. பதிலுக்காகக் காத்திருந்தார்.

வெள்ளைத்தாய் திரும்பிக் கொடிக்குப் போனாள். வேட்டியை உதறி நீளமாக விரித்துப் போட்டாள். அதற்கடுத்து சேலையை, அதற்கடுத்து துண்டை. தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றையும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, காற்றுக்குப் பறந்துவிடாதபடி கிளிப்பும் மாட்டினாள்.